மாதம் முடியுமுன் டேட்டா முடிவது ஏன்?



சென்ற இதழில் கரண்ட் பில்லை எப்படி வாசிப்பது என்று எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு கொழுந்து மடுவத்தில் எம்மைப் பிடித்துக்கொண்ட பலர் கேட்டது வேறொரு கேள்வி. "ஐயா, கரண்டு பில்லு கெடக்கட்டும். இந்த ரவுட்டர் டேட்டா ஏன் பத்து நாளுல முடிஞ்சி போவுது? அதப்பத்தி எழுதுங்க" என்றார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர், கம்பெனிக்காரன் களவெடுக்கிறான் என்றார்கள். மீதிப் பேர், பக்கத்துக் காம்பராக்காரன் களவெடுக்கிறான் என்றார்கள். ஆகவே இந்த மாதம் அதையே பார்ப்போம்.

2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை எமது லயங்களில் இன்டர்நெட் என்றால் போனில் போடும் ரீலோட் மட்டும்தான். பிள்ளைகளுக்கு சூம் வகுப்பு, வாட்ஸ்அப்பில் பாடம் என்று வந்த பிறகு, சிக்னல் தேடி தண்ணீர்த் தாங்கி மேலும் பாறை மேலும் ஏறிய பிள்ளைகளை நாமே கண்டோம். அதைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் கடன் பட்டும் சீட்டுப் பிடித்தும் வீட்டுக்கு ரவுட்டர் பெட்டி வாங்கின. படிப்புக்காக வந்த பெட்டி அது. பாடசாலை திறந்ததும் பெட்டி வீட்டிலேயே இருந்துவிட்டது. டிவியும் அதில் சேர்ந்துகொண்டது.

கிலோக் கணக்கு

டேட்டா என்றால் என்ன என்று விளக்க நாம் தூரம் போகத் தேவையில்லை. கொழுந்தை எப்படி நிறுக்கிறார்கள்? காலையில் இருந்து மலையில் எத்தனை மணித்தியாலம் நின்றீர்கள் என்று தராசு கேட்பதில்லை. கூடையில் எத்தனை கிலோ என்றுதான் பார்க்கிறது. இன்டர்நெட்டும் அப்படித்தான். எத்தனை மணித்தியாலம் பார்த்தீர்கள் என்பது கணக்கில் வராது. எத்தனை பாரம் லைனில் வந்தது என்பதுதான் கணக்கு. அந்தப் பாரத்தை மெகாபைட், ஜிகாபைட் என்று அளக்கிறார்கள். எம்பி, ஜிபி என்று நீங்கள் சொல்வது இதைத்தான். ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று பொதியில் எழுதியிருப்பதுதான் உங்கள் வரம்பு.

எழுத்து பாரம் இல்லாதது. வாட்ஸ்அப்பில் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தாலும் தராசு முள் அசைந்த மாதிரித் தெரியாது. குரலும் பெரிய பாரம் இல்லை. படம், அதிலும் ஓடுகிற படம், அதுதான் பாரம். ஓடுகிற படத்திலும் ஒரே பாரம் இல்லை. யூடியூப்பில் 144, 360, 480, 720, 1080 என்று எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம் எவ்வளவு தெளிவு என்பதைச் சொல்லும் எண்கள் அவை. எண் கூடக் கூட பாரமும் கூடும்.

எவ்வளவு கூடும்? ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களும் செய்வார்கள். 1080 தெளிவில் ஓடும் வீடியோ, செக்கனுக்குச் சுமார் 5 மெகாபிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 5ஐ 8ஆல் பிரித்தால் செக்கனுக்கு 0.625 எம்பி. ஒரு மணித்தியாலத்துக்கு 3600 செக்கன். பெருக்கினால் 2250 எம்பி, அதாவது இரண்டே கால் ஜிபி. இதே மாதிரி 720 தெளிவுக்கு செக்கனுக்கு 2.5 மெகாபிட் என்றால், மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். 360 தெளிவுக்கு 0.7 மெகாபிட் என்றால் 315 எம்பி. வீடியோவுக்கு வீடியோ இது கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரே நாடகம், ஒரே ஒரு மணித்தியாலம். ஒன்றில் 315 எம்பி, மற்றதில் 2250 எம்பி. ஏழு மடங்கு.

உங்கள் பொதி மாதம் 60 ஜிபி என்றால், 1080இல் பார்த்தால் மாதம் முழுவதற்கும் சுமார் 26 மணித்தியாலம்தான். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் கூட வராது. 360இல் பார்த்தால் 190 மணித்தியாலம், ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல். நெட்பிளிக்ஸ் நிறுவனம் தானே தரும் கணக்கில், எச்.டி. படம் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை, 4கே என்னும் மிகத் தெளிவான படம் 7 ஜிபி வரை போகும். 4கேயில் ஒரு தமிழ்ப் படத்தைப் பார்த்து முடித்தால் 60 ஜிபியில் கால்வாசி போய்விடும்.

இங்கே ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. தெளிவை நீங்கள் தெரிவு செய்யாவிட்டால், பெட்டி தானே தெரிவு செய்கிறது. அதற்குத்தான் 'ஓட்டோ' என்று பெயர். லைன் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து, தாங்கும் அளவுக்கு உயர்ந்த தெளிவை அது எடுத்துக்கொள்ளும். மழையும் மூடுபனியுமாக சிக்னல் இழுபடும் நாளில் அது குறைந்த தெளிவுக்கு இறங்கிவிடும். சிக்னல் நன்றாக இருக்கும் நாளில் மேலே ஏறிவிடும். அதனால்தான் "இந்த மாசம் லைன் சூப்பர் ஐயா, ஆனா சீக்கிரமே முடிஞ்சிருச்சி" என்று சொல்கிறீர்கள். லைன் நன்றாக இருந்ததுதான் காரணம். சின்னப் போன் திரையில் 360க்கும் 1080க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் டிவி பெரியது. அது எப்போதும் உயர்ந்ததையே கேட்கும்.

மேல் கணக்கு லயத்தில் நடந்தது

நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். ஆட்களைத் தெரிந்தவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் கணக்கில் ஒரு வீட்டில் 60 ஜிபி பொதி. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணிதம் சுமாராக வரும் பிள்ளை. டவுனில் ரியூசனுக்கு அனுப்ப வசதி இல்லை. ஒரு ஆசிரியர் யூடியூப்பில் போடும் கணிதப் பாடங்களை மாலையில் பார்த்துப் படித்து வந்தாள். இரண்டு மாதம் தொடர்ந்து, பொதி புதுப்பித்து எட்டாம் ஒன்பதாம் நாளிலேயே டேட்டா முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாடத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலதிகமாக ஒரு தடவை டேட்டா வாங்கினார்கள். அதற்கு ஒரு நாள் பேர் போய்விட்டது. அதுவும் இரண்டு நாளில் முடிந்தது.

பக்கத்துக் காம்பராவில் ஒரு பையன். போன் ரிப்பேர் செய்யத் தெரிந்தவன். வைஃபை பாஸ்வேர்ட் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் ரவுட்டரைப் பொருத்திக் கொடுத்ததே அவன்தான். ஆகவே அவன்தான் இழுக்கிறான் என்று பேச்சு வந்தது. பேச்சு சண்டையானது. பையனுடைய தகப்பன் அவனைப் போட்டு அடித்துவிட்டார். எம்மைக் கூப்பிட்டார்கள். நாமும் போய், விசாரிக்காமலே அந்தப் பையனுக்குப் புத்தி சொன்னோம். அது எமது பிழை. இங்கே எழுதுவது அதற்காகவும்தான்.

அதற்குப் பிறகும் டேட்டா முடிந்தது. பாஸ்வேர்டை மாற்றியும் முடிந்தது. அப்போதுதான் நாம் யோசித்து, அந்த மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தோம். செக்ரோல் எழுதுவது போல காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, பாடசாலை விட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை போனில் மீதி டேட்டாவைப் பார்த்து எழுதச் சொன்னோம். நாலு நாள் எழுதினாள். மாலையில் வீடே கூடியிருந்து நாடகம் பார்த்தும், இவள் பாடம் பார்த்தும் போனது ஒரு ஜிபிக்கு உள்ளேதான். ஆனால் காலை ஆறு மணிக்கும் அவள் திரும்பி வருவதற்கும் இடையில், எல்லோரும் மலைக்கும் பாடசாலைக்கும் போயிருக்கும் நேரத்தில், நாள் தவறாமல் ஒன்பது ஜிபி அளவில் போயிருந்தது.

அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது தாத்தா மட்டும்தான். இராக் காவல் வேலை பார்க்கிறவர். காலையில் வந்து, முகம் கழுவி, டிவியில் முருகன் பாட்டு நாலு கேட்டுவிட்டு, டிவியை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். "நான் ஒரு கால்மணி நேரந்தான் கேக்குறேன் ஐயா, அதுக்கா இவ்வளவு?" என்று அவர் கலங்கிப் போனார். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு நாம் அந்த வீட்டுக்குப் போனோம். டிவி இருட்டாக இருந்தது. பக்கத்தில் இருந்த சின்ன ஆண்ட்ராய்ட் பெட்டியில் மட்டும் நீல வெளிச்சம். டிவியைப் போட்டுப் பார்த்தோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது! ஒரு பாட்டு முடிய அடுத்ததை யூடியூப் தானாகவே போட்டுக்கொண்டு போகிறது. தாத்தா அணைத்தது டிவியை. பெட்டிக்கு அது தெரியாது. தெளிவு 1080. சில மணித்தியாலம் ஓடிய பிறகு, இன்னும் பார்க்கிறீர்களா என்று திரையில் கேட்டுவிட்டுத் தானே நின்றிருக்கிறது. இரண்டே காலை நாலால் பெருக்கினால் ஒன்பது. கொப்பியில் இருந்த கணக்கும் அதுதான்.

இப்போது தாத்தா பெட்டியின் பிளக்கையே கழற்றிவிட்டுத் தூங்குகிறார். பாட்டுக்கு ரேடியோவைப் போட்டுக்கொள்கிறார். டேட்டா மாதம் முடியும் வரை வருகிறது. அந்தப் பையன் மட்டும் இன்னும் அந்த வீட்டு வாசலுக்கு வருவதில்லை. நாம் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்லங்க ஐயா" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

டேட்டா முடிந்த பிறகு என்ன நடக்கிறது?

சில பொதிகளில் வரம்பு முடிந்ததும் லைன் நின்றுவிடும். சிலவற்றில் நிற்காது, வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் எழுத்து போகிறது, வீடியோ மட்டும் ஓடவில்லை என்றால் இதுதான் நடந்திருக்கும். குறைத்த வேகம் செக்கனுக்கு 64 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8ஆல் பிரித்தால் 8 கிலோபைட். மணித்தியாலத்துக்கு 29 எம்பி கூட வராது. 360 தெளிவில் ஒரு மணித்தியாலப் பாடத்துக்கு 315 எம்பி வேண்டும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அந்த ஒரு பாடம் வந்து சேர சுமார் 11 மணித்தியாலம் ஆகும். பிள்ளை என்னதான் செய்யும்? 'வரம்பற்ற பொதி' என்று விற்பவற்றிலும் பெரும்பாலும் இப்படி ஒரு வேகக் குறைப்பு நிபந்தனை ஒளிந்திருக்கும். வாங்கும் முன் அதைக் கேளுங்கள்.

மாலையில் ஏழு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வேகம் குறைந்தால் அது வேறு சங்கதி. ஒரு டவர், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான வீடுகள். ஒரே பீலியில் எல்லோரும் குடம் வைத்தால் தண்ணீர் மெல்லத்தானே வரும். அப்போது மேலதிக டேட்டா வாங்குவதில் பயன் இல்லை. முதலில் மீதியைப் பாருங்கள். மீதி இருந்தும் சுற்றினால் அது நெரிசல். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், அல்லது தெளிவைக் குறைக்கலாம்.

இரவு டேட்டா என்று தனியாகக் கொடுப்பதும் இதனால்தான். நடுநிசிக்குப் பிறகு டவர் சும்மா கிடக்கும். பொதியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணில் எவ்வளவு பகல், எவ்வளவு இரவு என்று பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் இரவுக்கு என்றால், அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி நாடகம் பார்க்கிறவர்களுக்குத்தான் அது லாபம். சூம், டீம்ஸ் போன்ற வகுப்புகளுக்கு மட்டும் என்று சில பொதிகள், பேஸ்புக், வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்று சில பொதிகள் உண்டு. அதிலே யூடியூப் பாடம் சேருமா என்று கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு அழுகிறார்கள்.

இந்த வரம்பு எமக்கு மட்டும் போட்டதா என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்னும் பெரிய கம்பெனி 2008 ஒக்டோபரில் வீடுகளுக்கு மாதம் 250 ஜிபி என்று வரம்பு வைத்தது. 2020 மார்ச்சில் நோய் பரவி எல்லோரும் வீட்டில் இருந்தபோது அதே கம்பெனி சில மாதங்களுக்கு வரம்பை எடுத்துவிட்டது. லைன் உடைந்து விழவில்லை. இதைப் பார்க்கும்போது, வரம்பு எல்லாமே நெரிசலுக்காகத்தான் என்ற பேச்சை நாம் முழுதாக நம்ப வேண்டியதில்லை. நெரிசல் வருவது மாலையில். வரம்போ மாதம் முழுவதற்கும். அதே வேளை அது கம்பி லைன், எமது மலையில் வருவது டவர் லைன், டவருக்கு உண்மையாகவே ஒரு கொள்ளளவு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுக்கொண்டதால் நெட்பிளிக்ஸ் அங்கே படத்தின் பாரத்தைக் குறைத்தது. யூடியூப்பும் வழமையான தெளிவை இறக்கி வைத்தது, பிறகு உலகம் முழுவதற்கும் அப்படிச் செய்தது. பணக்கார நாடுகளே தெளிவைக் குறைத்துப் பார்த்திருக்கும்போது, லயத்தில் 360இல் பார்ப்பதற்கு வெட்கம் எதற்கு?

செய்யக்கூடியவை

முதலாவது, டிவி யூடியூப்பில் ஒவ்வொரு தடவையும் தெளிவை 480க்கு இறக்குங்கள். போனில் செட்டிங்ஸ் உள்ளே வீடியோ குவாலிட்டி என்ற இடத்தில் 'டேட்டா சேவர்' என்று இருக்கும், அதை ஒரு தடவை போட்டால் போதும். ஓட்டோபிளேயை நிறுத்திவிடுங்கள். மேலே சொன்ன தாத்தாவின் வீட்டில் இந்த ஒன்றே போதுமாயிருந்திருக்கும். பேஸ்புக், டிக்டொக்கில் விரலால் தள்ளத் தள்ள வரும் குட்டி வீடியோக்களும் இப்படித்தான், சின்னது சின்னதாகப் பெரிய பாரம். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்தலாம். கொழுந்தில் தண்ணிக்கும் சாக்குக்கும் கழிப்பது போல, நீங்கள் பார்க்காமலே கழிந்துபோகும் டேட்டா இதுதான். போனில் ஆப்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதும் இதிலே சேரும்.

ஒரே பாடத்தை இரண்டு தடவை பார்த்தால் பெரும்பாலும் இரண்டு தடவை டேட்டா போகும். ஆகவே இறக்கி வைக்கக்கூடிய பாடத்தை, இரவு டேட்டா இருந்தால் அதில், போனில் இறக்கி வையுங்கள். பிறகு எத்தனை தடவை பார்த்தாலும் செலவில்லை. சூம் வகுப்பில் பிள்ளையின் கமரா திறந்திருந்தால் இங்கிருந்து போகும் படமும் கணக்கில் சேரும். ஆசிரியர் அனுமதித்தால் மூடி வைக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்களும் வினாத்தாள்களும் இருக்கின்றன. ஒரு வினாத்தாளை இறக்குவதற்குச் சில எம்பி போதும். ஒரு நிமிட டிவி வீடியோவை விட அது குறைவு.

டிஷ் இருக்கும் வீடுகள் நாடகத்தை டிஷ்ஷிலேயே பாருங்கள். டிஷ்ஷில் வருவதற்கு ஜிபி கிடையாது. மழை மாதிரி அது எல்லாக் கூரைக்கும் பொது. டிஷ்ஷில் ஓடிக்கொண்டிருக்கும் அதே நாடகத்தை ரவுட்டரில் பார்க்கிற வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம், விளம்பரம் இல்லாமல் பார்க்கலாமாம்.

வீட்டுக்குள் இதைப் பேசி முடிவு செய்வது எளிதல்ல என்று எமக்குத் தெரியும். நாள் முழுக்க மலையில் நின்று அட்டைக்கடியோடு வந்த தாய்க்கு அரை மணி நேர நாடகம் வேண்டாமா? வேண்டும். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மாதம் 10 ஜிபியை ஒதுக்கிவிட்டு, மீதியை மற்றவர்கள் பார்க்கலாம். 360இல் அது 30 மணித்தியாலப் பாடம். கொப்பி எழுதினால் யார் எவ்வளவு என்று சண்டையில்லாமல் தெரியும்.

ரவுட்டரையோ பொதியையோ பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள், பொதி வாங்கிய துண்டையும் போனையும் எடுத்துக்கொண்டு வரலாம். சம்பளம் போட்ட அடுத்த சனிக்கிழமை பகல் இரண்டு மணியிலிருந்து நாம் பிள்ளை மடுவத்தில் இருப்போம். மீதி பார்ப்பதையும், தெளிவை இறக்குவதையும் அங்கேயே செய்து காட்டுகிறோம். பெட்டியைக் கழற்றிக் கொண்டுவரத் தேவையில்லை. கொப்பி எழுதியிருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.